கை வீங்கும் மாதத்தின் கணக்கு

திருப்பூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். பனியன் கம்பெனியில் தையல் வேலை. இரண்டு ஆண்டுகளாக ருமட்டாய்டு வகை முடக்குவாதம். இரண்டு மாதம் ஓரளவு நன்றாகப் போகிறது, மூன்றாவது மாதம் விரல்கள் வீங்கிக் கத்தரிக்கோலைக்கூடப் பிடிக்க முடிவதில்லை. நகைக்கடன், ஃபைனான்ஸ் கம்பெனியில் வாங்கிய தனிநபர் கடன், மகளிர் குழுக் கடன், கிரெடிட் கார்டு பாக்கி என்று நான்கு கடன்கள். ஒரு நோட்டில் திட்டம் எழுதி மூன்று முறை தொடங்கியிருக்கிறார், மூன்று முறையும் பாதியில் நின்றுபோயிருக்கிறது. "உடம்பு முடியாதபோதும் கடனை ஒழுங்காக அடைத்துக்கொண்டே போவது எப்படி? எனக்கு மன உறுதி போதவில்லையா?" என்பது அவர் கேள்வி.

சகோதரி, நீங்கள் ஒழுங்கைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கூடவே எழுதியிருக்கும் எண்களைப் பார்த்தால், உங்களை அரிப்பது வேறு கேள்வி என்று தோன்றுகிறது. தவறு உங்களிடமா, கணக்கிலா என்பதே அது. முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்: தவறு கணக்கில் இருக்கிறது. ஏன் என்று காட்டுகிறேன். நான் பொதுத்துறை வங்கியில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன், கடைசி ஒன்பது ஆண்டுகள் கடன் வசூல் பிரிவில். ஓய்வு பெற்ற பிறகு, தெரிந்தவர்கள் அழைத்து வருபவர்களின் கடன் காகிதங்களைப் பார்த்துக் கொடுக்கிறேன். மருத்துவன் அல்ல. மருந்தைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்வேன், அதுவும் வங்கிக்காரனாகக் கண்டதை வைத்து.

உங்கள் எண்களை அப்படியே எடுத்துக்கொள்வோம். நல்ல மாதத்தில் உங்களுக்கு 15,000, சாயப்பட்டறையில் வேலை செய்யும் கணவருக்கு 16,000, ஆக 31,000. கை வீங்கும் மாதத்தில் உங்கள் கூலி 7,000 ஆகிவிடுகிறது, மொத்தம் 23,000. வாடகை, மளிகை, பிள்ளைகள் படிப்பு எல்லாம் சேர்த்து 17,000. மருந்தும் பரிசோதனையும் 2,500. ஆக, கடனுக்கென்று மிஞ்சுவது நல்ல மாதத்தில் 11,500, கெட்ட மாதத்தில் 3,500. கட்ட வேண்டியது: தனிநபர் கடன் தவணை 5,200, குழுக் கடன் 2,300, கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகை 2,000, நகைக்கடன் வட்டிக்கு மாதம் 900. கூட்டினால் 10,400. உங்கள் நோட்டில் 11,500இலிருந்து 10,400ஐக் கழித்து, மிச்சம் 1,100 ரூபாயைக் கார்டுக்குக் கூடுதலாகக் கட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மாதத்துக்கு அது சரியான கணக்கு. ஆனால் உங்கள் நோய்க்கு ஒரு சுற்று மூன்று மாதம். மூன்று மாதத்தில் மிஞ்சுவது 26,500, கட்ட வேண்டியது 31,200. ஒவ்வொரு சுற்றிலும் 4,700 ரூபாய் துண்டு விழுகிறது. அந்தத் துண்டு எங்கே போய் உட்காருகிறது? கார்டில். மளிகையும் மருந்தும் கார்டில் வாங்குகிறீர்கள், பாக்கி ஏறுகிறது, நீங்கள் உங்களையே திட்டிக்கொள்கிறீர்கள். எவ்வளவு மன உறுதி இருந்தாலும் 26,500இல் 31,200 கட்ட முடியாது.

ஆகவே முதல் வேலை, திட்டத்தைக் கெட்ட மாதத்தையும் சேர்த்துப் போடுவது. நோயாளிகள் பெரும்பாலும் உடம்பு தேறிய வாரத்தில்தான் நோட்டை எடுத்து உட்காருவார்கள். அந்த வாரத்தின் தெம்பு அப்படியே எண்களில் ஏறிவிடும். உங்கள் மூன்று திட்டங்களும் அப்படி எழுதப்பட்டவை.

இந்தத் துண்டை எப்படி அடைப்பது? கார்டிலிருந்து தொடங்குவோம். 40,000 பாக்கிக்கு மாதம் மூன்றரை சதவீதம் என்றால் வட்டி 1,400. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 252. ஆக 1,652. நீங்கள் கட்டும் 2,000இல் அசலில் குறைவது 348 ரூபாய்தான். அதற்கு மேல், முழுப் பாக்கியைக் கட்டாதவரை, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடும். உங்கள் நான்கு கடன்களில் உங்களைக் கீழே இழுப்பது இது ஒன்றுதான். இதை மட்டும் மூடிவிட்டால் மாதம் கட்ட வேண்டியது 8,400 ஆகிறது, மூன்று மாதத்துக்கு 25,200. கையில் 26,500. துண்டு விழுந்த இடத்தில் 1,300 மிஞ்சுகிறது.

மூடப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். சொல்லத் தயங்குகிறேன், ஆனாலும் சொல்ல வேண்டும்: அடகில் இருக்கும் நகையில் ஒன்றை விற்பதைப் பற்றி யோசியுங்கள். வங்கி அடகு பிடித்த அன்று முழு மதிப்புக்கும் கடன் கொடுத்திருக்காது, அதில் ஒரு பங்குக்குத்தான் கொடுத்திருக்கும். அதற்குப் பிறகு தங்கம் ஏறியிருக்கிறது. கடனையும் வட்டியையும் கழித்தால் நகையில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கிளையிலேயே கேளுங்கள். ஆண்டுக்கு 9 சதவீத வட்டியில் நகையைக் காப்பாற்றிக்கொண்டு, 42 சதவீத வட்டியில் கார்டைச் சுமப்பது கணக்குக்கு ஒவ்வாது. நகை என்பது வெறும் தங்கம் அல்ல என்று எனக்குத் தெரியும். அம்மா போட்ட வளையலை விற்கச் சொன்னதற்காக என்னிடம் அழுதவர்கள் உண்டு. அதனால் எந்த நகை என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். வட்டி கட்ட முடியாமல் ஏலத்துக்குப் போனால் அந்தத் தேர்வு உங்கள் கையில் இருக்காது. எல்லா நகையும் ஒரே சீட்டில் இருந்தால் ஒன்றை மட்டும் விடுவிப்பது கிளை மேலாளரின் விருப்பத்தைப் பொறுத்தது, மறுக்கவும் கூடும். அப்படியானால் அடகு நகையை மீட்டு வாங்கும் கடைகளில் இரண்டு இடத்தில் விலை கேளுங்கள், எடையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், மீட்கும்போது கணவரோடு நீங்களும் வங்கியில் இருங்கள். விற்காத நகைகளை மறுபடி அடகு வைக்கும்போது தனித்தனிச் சீட்டாகப் போடச் சொல்லுங்கள். கார்டை மூடிய பிறகு அதை வெட்டிப் போடுவது மட்டும் போதாது, கணக்கையே முடிக்கச் சொல்லி எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

அடுத்தது இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு. உங்கள் கேள்வியில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை, எனக்கு அதுதான் வருத்தம். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு, கம்பெனி இ.எஸ்.ஐ.யில் பதிவாகியிருந்தால், அது உண்டு. பீஸ் ரேட்டில் தைத்தாலும் உண்டு. சம்பளச் சீட்டைப் பாருங்கள். 0.75 சதவீதம், அதாவது 15,000க்கு 113 ரூபாய் பிடித்திருந்தால் நீங்கள் காப்பீடு பெற்றவர். ஆறு மாதக் கணக்குக் காலத்தில் 78 நாட்களுக்குச் சந்தா கட்டப்பட்டிருந்தால், இ.எஸ்.ஐ. மருத்துவர் ஓய்வுச் சான்று தரும் நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். கை வீங்கும் மாதத்தில் நீங்கள் இழப்பது 8,000. வேலைக்குப் போகாத நாட்கள் எல்லாம் சான்றில் இருந்தால் அதில் அதிகபட்சம் சுமார் 5,600 திரும்பி வரும். அரை நாள் போய், வலி தாங்காமல் திரும்பி வந்த நாட்களுக்கு இது கிடைக்காது. அதனால் முடியாத நாளில் இழுத்துப் பிடித்துக்கொண்டு மெஷினில் உட்காருவது பண விஷயத்திலும் உங்களுக்கு நட்டம். ஒப்பந்தக்காரர் மூலம் கையில் கூலி வாங்குபவராக இருந்து உங்களுக்குச் சந்தா கட்டப்படாமல் இருக்கலாம். அப்போதும் கணவரின் சீட்டைப் பாருங்கள். அவருக்கு இ.எஸ்.ஐ. இருந்தால் உங்களுக்கு உதவித்தொகை வராது, ஆனால் மனைவி என்ற முறையில் மருத்துவமும் மருந்தும் உண்டு. மாதம் 2,500இல் பெரும்பகுதி அதிலேயே குறையும். அதுவும் இல்லையென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வெளியில்தான் வாங்க வேண்டும் என்றால் மக்கள் மருந்தகத்திலும், 2025இல் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் சீட்டைக் காட்டி விலை கேட்டுப் பாருங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றிப் பலர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அதற்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 1,20,000. உங்கள் வருமானம் அதைத் தாண்டுகிறது. தவிர, அது பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கானது. அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

மருந்தைப் பற்றிச் சொல்வதாகச் சொன்ன ஒன்று இதுதான். நான் கிளையில் இருந்தபோது ஒரு விசைத்தறிக்காரர் மாதம் தவறாமல் 5ஆம் தேதி காலையில் வந்துவிடுவார். மஞ்சள் பை, அதற்குள் பாஸ்புக், அதற்குள் மடித்த நோட்டுகள். ஒரு நாளும் தாமதம் இல்லை. "உங்களைப் போல நாணயமானவர் இந்தக் கிளையில் இல்லை" என்று மற்றவர்கள் முன்னால் நானே சொல்லியிருக்கிறேன். ஒரு முறை பையிலிருந்து பாஸ்புக்கோடு ஒரு மாத்திரை அட்டையும் மேஜையில் விழுந்தது. ஒவ்வொரு மாத்திரையும் பாதியாக வெட்டப்பட்டிருந்தது. சர்க்கரைக்கான மாத்திரை. ஒரு மாத மருந்தை இரண்டு மாதத்துக்கு இழுத்து, மிச்சப்படுத்திய பணத்தில் தவணை கட்டிக்கொண்டிருந்தார். அன்று நான் எதுவும் கேட்கவில்லை. அட்டையை எடுத்துக் கையில் கொடுத்தேன், ரசீதில் கையெழுத்துப் போட்டேன். அடுத்த ஆண்டு காலில் புண் வந்து, பாதத்தை எடுக்க வேண்டியதாயிற்று. தறி நின்றது, கடனும் வராக்கடன் ஆயிற்று. அந்த வெட்டிய மாத்திரைகள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. உங்கள் நோட்டில் "மருந்து, முடிந்தால்" என்று எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். அதை அழித்துவிட்டு, வாடகைக்கு மேலே முதல் வரியில் மருந்தை எழுதுங்கள். உங்கள் விரல்கள்தான் இந்த நான்கு கடன்களுக்கும் உண்மையான ஈடு. மூட்டு ஒருமுறை சிதைந்துவிட்டால் பழையபடி ஆகாது என்று உங்கள் மருத்துவரே சொல்லியிருப்பார்.

இனி, கெட்ட மாதம் வந்தே தீரும் என்று வைத்துக்கொண்டு அதை எப்படிக் கடப்பது என்று பார்ப்போம். கார்டு மூடிய பிறகு நல்ல மாதத்தில் 3,100 மிஞ்சும். அதை எந்தக் கடனுக்கும் கூடுதலாகக் கட்டாதீர்கள். முன்கூட்டிக் கட்டினால் வட்டி மிச்சம் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆரோக்கியமானவர்களுக்கு அது சரி. உங்களுக்கு அந்தப் பணம் தனிச் சேமிப்புக் கணக்கில் கிடக்க வேண்டும். இரண்டு நல்ல மாதத்தில் 6,200 சேரும். கெட்ட மாதத்தில் குறைவது 4,900. இ.எஸ்.ஐ. பணம் தாமதமாக வந்தாலும் தவணை நிற்காது. ஒரு கெட்ட மாதம் நீண்டு இரண்டாகிவிட்டாலும் தாங்கும் அளவுக்கு, அதாவது ஏறக்குறைய 10,000 சேர்ந்த பிறகு, மேற்கொண்டு மிஞ்சுவதைக் கடனுக்குத் திருப்பலாம். அப்போது எந்தக் கடனுக்கு முதலில்? வட்டி அதிகமுள்ளதற்கு என்பது பாடப் புத்தகப் பதில். என் அனுபவத்தில், நோயோடு இருப்பவர்கள் மீதி குறைவாக உள்ள கடனை முதலில் முடிப்பது நல்லது. மாதத்தில் நினைவு வைக்க வேண்டிய தேதிகளில் ஒன்று குறையும். இது என் கருத்துதான், வட்டிக் கணக்கில் சில நூறு ரூபாய் கூடுதலாகப் போகும்.

அந்த ஏற்பாட்டையும் மீறித் தவணை தவறினால்? வங்கிக்காரர்கள் வெளியில் அதிகம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். தவணை ஒரு நாள் தவறினாலே கணக்கு கண்காணிப்புக்கு வந்துவிடும். 30 நாள், 60 நாள் என்று படிகள் உண்டு. ஆனால் பெரிய கோடு 90 நாள். ஒரு தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் இருந்தால் கணக்கு வராக்கடன் ஆகிறது. அதற்கு முன்பு வரை, பழைய தவணையைக் கட்டினால் அடுத்த தவணையிலிருந்து நாட்கள் எண்ணப்படும், கணக்கு கோட்டுக்கு இப்பால் நிற்கும். கோட்டைத் தாண்டிவிட்டால் ஒரு தவணை கட்டிப் பயனில்லை, நிலுவை முழுவதையும் கட்டினால்தான் கணக்கு பழைய நிலைக்கு வரும். ஆகவே கையில் பணம் குறைவாக இருக்கும்போது எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி எதையும் நிறைவு செய்யாமல் விடுவதைவிட, எந்தக் கடன் அதிக நாள் நிலுவையில் இருக்கிறதோ அதற்கு ஒரு முழுத் தவணை கட்டுங்கள். 60 நாளுக்கு மேல் எதையும் விடுவதில்லை என்று உங்களுக்கு நீங்களே ஒரு வேலி போட்டுக்கொள்ளுங்கள். தாமதத்துக்குக் கட்டணம் போடுவார்கள். ரிசர்வ் வங்கியின் 2023 உத்தரவுப்படி அந்த அபராதக் கட்டணத்தின் மேல் வட்டி போடக்கூடாது. கணக்கு அறிக்கையை வாங்கிப் பாருங்கள். வங்கிக் கணக்கிலிருந்து தவணை தானாகப் பிடிக்கப்படும் ஏற்பாடு இருந்து, கணக்கில் பணம் இல்லையென்றால், திரும்பிய ஒவ்வொரு முறைக்கும் உங்கள் வங்கி ஒரு கட்டணமும் ஃபைனான்ஸ் கம்பெனி ஒரு கட்டணமும் போடும். தவணைத் தேதியைச் சம்பளத் தேதிக்கு இரண்டு நாள் பின்னால் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். பல இடங்களில் செய்து தருவார்கள்.

குழுக் கடனை நான் தனியாக வைக்கிறேன். சட்டப்படி அது ஈடில்லாத சின்னக் கடன். வாழ்க்கைப்படி அது உங்கள் தெரு. நீங்கள் கட்டாத வாரத்தில் பக்கத்து வீட்டு அக்கா முகம் கொடுத்துப் பேச மாட்டார். அதனால் கை வீங்கத் தொடங்கிய அன்றே குழுத் தலைவியிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள், கூட்டத்தன்று சொல்லக் காத்திருக்க வேண்டாம். சேமிப்புக் கணக்கில் பணம் குறைவாக இருந்தால் முதலில் இதற்குக் கொடுங்கள். இது கணக்கு சொல்லும் வரிசை அல்ல, நோயில் விழுந்தால் உங்களுக்குக் கஞ்சி கொண்டுவரப்போகும் மனிதர்களை வைத்துச் சொல்கிறேன்.

வசூலுக்கு வருபவர்களைப் பற்றி ஒரு பயம் உங்கள் எழுத்தில் தெரிகிறது. உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை: காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அவர்கள் உங்களை அழைக்கக்கூடாது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு ஈடில்லாமல் தரும் நுண்கடன்களுக்கு, அழைக்கலாம் என்ற நேரம் காலை 9 முதல் மாலை 6 வரைதான். உறவினரிடமும் அண்டை அயலாரிடமும் சொல்லி அவமானப்படுத்தக்கூடாது. கடன் கட்ட முடியாமல் போவது மட்டும் குற்றமல்ல, அது உரிமையியல் விவகாரம். ஆனால் நீங்கள் கொடுத்த காசோலை பணமில்லாமல் திரும்பினால் குற்ற வழக்குப் போட இடமுண்டு. தானாகப் பிடிக்கும் ஏற்பாடு திரும்பினாலும் அப்படியே. மிரட்டினால் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால், அல்லது பதில் சரியில்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள். கெட்ட மாதத்தைச் சமாளிக்கத் தண்டலுக்கோ மீட்டர் வட்டிக்கோ கைநீட்டிவிடாதீர்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்படி வட்டிக்கு விடுவது தமிழ்நாட்டில் மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்தான். ஆனால் வழக்கு முடிவதற்குள் உங்கள் நிம்மதி போய்விடும். செல்போன் செயலிக் கடனும் எனக்கு அதே வரிசைதான்.

தனிநபர் கடன் தவணையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேட்கலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை, காலத்தை நீட்டினால் மொத்த வட்டி கூடும், கடன் வரலாற்றிலும் பதிவாகக்கூடும். உங்கள் ஒப்பந்தத்தை நான் பார்க்கவில்லை, அதனால் இதற்கு மேல் உறுதி சொல்ல மாட்டேன். கடன் கொடுத்தபோது காப்பீட்டுக்கென்று ஒரு தொகை பிடித்திருக்கிறார்களா என்று மட்டும் அதில் தேடுங்கள். பெரும்பாலும் இறப்புக்கு மட்டும்தான் இருக்கும், சிலவற்றில் நோய்க்கும் இருக்கும். ஒரு பெரிய தொகையைக் கட்டினால் செட்டில் செய்துவிடலாம் என்று யாராவது போனில் சொன்னால் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். அப்படி முடிந்த கடன் உங்கள் சிபில் அறிக்கையில், அதாவது கடன் வரலாற்றில், முழுதாக அடைத்த கடனாகப் பதிவாகாது. அது வேறு வழியே இல்லாதவர்களுக்கான கதவு. உங்கள் எண்கள் அந்த நிலையில் இல்லை.

நன்றாக இருக்கும் ஒரு நாளில் இரண்டு காகிதம் எழுதி வைத்துவிடுங்கள். ஒன்று உங்கள் வீட்டுக்கு. கை வீங்கிய நாளில் யாருக்குப் போன் செய்ய வேண்டும், எந்தக் கணக்கிலிருந்து எவ்வளவு எடுத்து எந்தக் கடனுக்குக் கட்ட வேண்டும், இ.எஸ்.ஐ. அட்டை எங்கே இருக்கிறது என்று எழுதி, பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். வலியும் காய்ச்சலும் உள்ள நாளில் நீங்கள் எதையும் யோசிக்க வேண்டியிருக்கக் கூடாது. கணவரோ மூத்த பெண்ணோ அதைப் பார்த்துச் செய்துவிட வேண்டும்.

இன்னொன்று ஃபைனான்ஸ் கம்பெனிக்கு. ஒரு பக்கம் போதும். கடன் கணக்கு எண், நோய் எப்போதிலிருந்து, சில மாதங்களில் கூலி பாதியாகிறது என்ற விவரம், இதுவரை எத்தனை தவணை கட்டியிருக்கிறீர்கள், இப்போது கேட்பது தேதி மாற்றமா தவணைக் குறைப்பா, மாதம் எவ்வளவு நிச்சயமாகக் கட்ட முடியும். மருத்துவச் சான்றின் நகலை இணையுங்கள். கெஞ்ச வேண்டாம், வீட்டுக் கதை முழுவதும் வேண்டாம். தவணை தவறிய பிறகு வரும் கடிதத்தைவிடத் தவறுவதற்கு முன்பு வரும் கடிதத்துக்கு மேலாளர்கள் அதிகம் காது கொடுப்பார்கள், நானும் அப்படித்தான் இருந்தேன். இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியோடு சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சீல் போட மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள். பதில் வந்ததும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள், 8,400 என்ற எண்ணை அதற்கேற்ப மாற்றி மறுபடி கணக்குப் போட்டுப் பார்ப்போம்.